கூரையில் இரண்டும் வேண்டும்!



நம் சங்கத்தின் சென்ற செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. சங்கக் கட்டிடத்திற்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும் சேர்த்து, ஒரு தனியார் டிஷ் நிறுவனத்தின் தமிழ்த் தொகுப்பை மொத்தமாக எடுத்துவிடலாம் என்பதே அது. “தமிழ் வருகிறது, சீரியல் வருகிறது, வேறென்ன வேண்டும்?” என்று கேட்டார்கள். டிஷ்ஷோடு கூரையில் ஓர் ஆன்டெனாவும் போடுவோம் என்று நான் சொன்னதும் சிரித்தார்கள். “கிளார்க் ஐயா, அதெல்லாம் எண்பதுகளோடு போச்சு” என்றார் ஒரு நண்பர்.

சிரித்தவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கோபப்பட வேண்டிய இடம் வேறு இருக்கிறது.

2019 ஜூலை 1ஆம் தேதி இரவு மும்பை மறக்க முடியாத இரவு. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 375 மில்லிமீட்டர் மழை. மலாடில் சுவர் இடிந்து குடிசைகளின் மேல் விழுந்தது. மறுநாள் விடுமுறை என்று மாநில அரசு அறிவித்தது. விடிகாலையில் நான் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு தாய், இடுப்பளவு நீரில் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். “அண்ணாச்சி, வண்டி ஓடுமா? நான் வேலைக்குப் போகணும், இவனைப் பள்ளிக்கூடத்தில விடணும்” என்றார். “இன்னைக்கு ஊருக்கே லீவு தாயீ, யாரும் சொல்லலையா?” என்றேன். “ராத்திரியிலிருந்து டிஷ்ஷு செத்துக் கிடக்கு அண்ணாச்சி” என்றார்.

ஊரே தூங்காமல் செய்தி கேட்டுக்கொண்டிருந்த இரவில், மாதா மாதம் காசு கட்டிய பெட்டியில் ‘சிக்னல் இல்லை’ என்ற ஒரு வரிதான் அவருக்குக் கிடைத்தது!

இது அந்தத் தாயின் துரதிருஷ்டமல்ல, டிஷ்ஷின் இயற்கை. வீட்டு டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சில சென்டிமீட்டர்தான். அடைமழை அதைக் குடித்துவிடும். தரைக் கோபுரத்திலிருந்து வரும் அலையோ ஏறக்குறைய அரை மீட்டர் நீளம். அதை மழை ஒன்றும் செய்யாது. ஆகவே எந்த இரவில் நமக்குச் செய்தி அவசியமோ, அந்த இரவில்தான் டிஷ் கையை விரிக்கும், ஆன்டெனா கைகொடுக்கும். நான்கு மாதம் மழையில் நனையும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்தா சிரிப்பது?

“கையில் செல்போன் இருக்கிறதே” என்பார்கள். யார் கையில்? நம் வீடுகளில் பலவற்றில் நல்ல போன் ஒன்றுதான். அது கணவரோடு நைட் ஷிப்டுக்குப் போய்விடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் பாட்டியும் பிள்ளைகளும். அவர்களுக்கு வந்து சேர்வது அக்கம்பக்கத்தார் சொல்லும் வதந்திதான். அணை உடைந்தது என்று ஒருவர், வண்டி ஓடுகிறது என்று இன்னொருவர். எது நிஜம் என்று கேட்க ஒரு நாதி வேண்டாமா?

“டிஷ்ஷிலேயே தூர்தர்ஷன் வருகிறதே, ஆன்டெனா எதற்கு?” என்று இன்னொரு கேள்வி. கேட்பவர் ஒரு கிரிக்கெட் மேட்ச் அன்று சானலைத் திருப்பிப் பார்க்கட்டும். தேசிய முக்கியத்துவம் உள்ள விளையாட்டுகளின் நேரடி ஒளிபரப்பைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007இல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம். ஆனால் அந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் சொந்தத் தரைக் கோபுரத்திலும் சொந்த டிஷ்ஷிலும் மட்டுமே வரலாம், தனியார் கேபிளிலும் தனியார் டிஷ்ஷிலும் போகக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவு என்ன? மாதம் பணம் கட்டுகிறவன் வீட்டில் தூர்தர்ஷன் சானலில் மேட்ச் வராது. மேட்ச் வேண்டுமானால் இன்னொரு தொகுப்புக்கு இன்னொரு முறை பணம் கட்ட வேண்டும். சட்டம் ஏழைக்குக் கொடுத்த உரிமை ஆன்டெனா வழியாகவும் இலவச டிஷ் வழியாகவும்தான் வருகிறது. அவை இல்லாதவனுக்கு உரிமை காகிதத்தில்தான்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 2019இல் நடைமுறைக்கு வந்த கட்டண முறையில், சானல் எதுவும் வாங்குவதற்கு முன்பே கட்ட வேண்டிய அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. வரி தனி. 2024இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். ரீசார்ஜ் தேதி தாண்டிய மறுநாள் என்ன நடக்கிறது என்பது எங்கள் சந்தில் எல்லோருக்கும் தெரியும். திரை இருள்கிறது. சம்பளம் பத்தாம் தேதி வருகிறவன் வீட்டில் ஒன்றாம் தேதியிலிருந்து உலகம் கிடையாது. ஆன்டெனாவுக்கு ரீசார்ஜ் உண்டா? தேதி உண்டா?

அப்படியிருந்தும் ஆன்டெனா ஏன் கேலிக்குரியதாயிற்று? அதைக் கேலிக்குரியதாக ஆக்கினார்கள், தோழர்களே. 1972 அக்டோபர் 2இல் பம்பாயில் தொலைக்காட்சி தொடங்கியது. சென்னையில் 1975இல். என் சிறுவயதில், ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழின் முறை வரும் வாரம் எங்கள் சாலில் திருவிழா. மேலே ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே நாங்கள் “வந்துட்டுது, வந்துட்டுது!” என்று கத்துவோம். பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது. நாடெங்கும் இருந்த பழைய கோபுரங்களைப் படிப்படியாக மூடினார்கள். சுமார் 50 இடங்கள் போக மீதி அனலாக் கோபுரங்கள் அனைத்தையும் 2022 மார்ச்சுக்குள் மூடுவதென்று பிரசார் பாரதி முடிவு செய்தது. பழைய கருவியை மூடியது தவறென்று நான் சொல்லவில்லை. பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்? 2016இல் டிஜிட்டல் தரை ஒளிபரப்பை முதலில் 16 நகரங்களில் தொடங்கினார்கள். மும்பை அவற்றில் ஒன்று. ஒரே அலைவரிசையில் பல சானல்களைத் தெளிவாகத் தரக்கூடிய நல்ல முறை. அப்படி ஒன்று இருப்பதை யாராவது நம் தெருவுக்கு வந்து சொன்னார்களா? பல கடைகளில் விற்கும் டிவியில் அதற்கான டியூனரே இல்லை. விளம்பரம் செய்யாமல் கடை திறந்துவிட்டு, கூட்டம் வரவில்லை என்று கடையை மூடுவது என்ன நியாயம்?

இலவச டிஷ்ஷின் கதையும் கேளுங்கள். 2004 டிசம்பரில் தொடங்கியது. மாதக் கட்டணம் கிடையாது. பொதிகை என்று நாம் பழகிய, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆன சானல் அதில் வருகிறது. வரவேற்கிறேன். ஆனால் தனியார் சானல்களுக்கு அதில் இடம் கொடுப்பது ஏலத்தில். ஏலத்தில் மொழி பேசாது, பணப்பை பேசும். இந்தி விளம்பரச் சந்தையின் பணப்பைக்கு முன்னால் மற்ற மொழிகள் எங்கே நிற்கும்?

இனி நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. “மராத்தி சானல் நமக்கு எதற்கு?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். ஐயா, தண்ணீர் எந்த நாள் வராது என்று மராத்தியில்தான் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுச் செய்தி மராத்தியில்தான் முதலில் வருகிறது. நம் குடிசை எந்தத் திட்டத்தில் இடிபடும் என்பதும் மராத்தியில்தான் வருகிறது. உழைக்கிற ஊரின் சேதி தெரியாதவன் அந்த ஊரில் காலமெல்லாம் விருந்தாளி. விருந்தாளிக்கு ரேஷன் கார்டு யார் தருவார்? தமிழ் நம் தாய்மொழி, அதை விடப்போவதில்லை. சஹ்யாத்ரி நம் பிள்ளைகள் வாழும் மண்ணின் குரல். ஒன்றுக்காக மற்றொன்றை விடச் சொல்வது, இரண்டு கண்ணில் எது வேண்டும் என்று கேட்பதாகும்.

செய்வது கடினமுமல்ல. டிஷ் தென்கிழக்கு வானத்தைப் பார்க்கட்டும். ஆன்டெனா கோபுரத்தைப் பார்க்கட்டும். டிஷ் கம்பி செட்டாப் பாக்ஸுக்குப் போகிறது. ஆன்டெனா கம்பியை நேரே டிவியின் ஆன்டெனா துளையில் செருகி, ஆட்டோ ஸ்கேன் கொடுங்கள். ரிமோட்டில் ஒரு பொத்தான் இந்தப் பக்கம், ஒரு பொத்தான் அந்தப் பக்கம். டிவி வாங்கும்போது ‘டிவிபி-டி2 டியூனர் இருக்கிறதா?’ என்று கேட்டு வாங்குங்கள். மாடியிலிருந்து ஒரே கம்பிதான் இறக்க முடியும் என்றால், மேலே ஒரு டிப்ளெக்ஸர், கீழே ஒரு டிப்ளெக்ஸர் போதும். கோபுர அலை 862 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே, டிஷ் கம்பியில் வருவது 950க்கு மேலே. இரண்டும் ஒரே கம்பியில் மோதாமல் வரும். சாதாரண ஸ்ப்ளிட்டரைப் போடாதீர்கள். டிஷ்ஷுக்கு மேலே ஏறும் 13, 18 வோல்ட் மின்சாரம் ஆன்டெனாவுக்கும் போய்விடும். கம்பத்துக்கு எர்த் கம்பி கட்டாயம். ஒரு சாலுக்கு ஒரு கம்பம் போதும், செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

ஆகவே நம் சங்கம் நிறைவேற்ற வேண்டிய தீர்மானம் இது. ஒன்று: சங்கக் கூரையில் டிஷ்ஷும் ஆன்டெனாவும் இரண்டும் வைப்போம். இரண்டு: நாம் பிழைக்கும் நகரங்களில் டிஜிட்டல் கோபுரங்கள் தொடர்ந்து இயங்க வேண்டும், மும்பைக் கோபுரத்தில் தமிழுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று பிரசார் பாரதிக்கு மனு அனுப்புவோம். மூன்று: விற்கிற ஒவ்வொரு டிவியிலும் அந்த டியூனர் இருக்க வேண்டும் என்று கேட்போம். மனுவில் ஆயிரம் கையெழுத்து வேண்டும். மாலை டியூட்டி முடிந்ததும் நானே படிவத்தோடு சந்து சந்தாக வருகிறேன்.

வானம் யாருடைய பாட்டன் சொத்தும் அல்ல. அதில் வரும் சேதிக்கு ஏழையும் பங்காளி. அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு தாய் இடுப்பளவு நீரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் கவுண்டர் முன் வந்து நிற்கக் கூடாது.

சிரித்த நண்பரே, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.