பில்லும் கௌரவமும்

சந்தையில் கொத்தமல்லிக் கட்டு விற்கும் கிழவியிடம் ஐந்து ரூபாய்க்காகப் பத்து நிமிஷம் பேரம் பேசும் சாமர்த்தியம் நம்மவர்களுக்கு உண்டு. தராசு முள் கடுகளவு சாய்ந்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் அதே மனிதர் வெளியூர் ஹோட்டலில் நாலு நாள் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, தோல் உறையில் வைத்து நீட்டப்படும் பில்லின் அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தைச் செலுத்திவிடுகிறார். காரணம் கௌரவம்! கணக்குக் கேட்டால் ஹோட்டல்காரர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற சங்கோசம். கொத்தமல்லிக்காரி என்ன நினைப்பாள் என்ற கவலை மட்டும் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை!

பில்லில் வரும் பிழையெல்லாம் மோசடி என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய ஹோட்டலில் சமையலறை, சலவை, வாடகை வண்டி என்று பல இடங்களிலிருந்தும் கணக்குகள் வந்து ஓர் அறையின் பெயரில் ஏறுகின்றன. 212-ஆம் அறைக்காரரின் சலவைக் கூலி 202-ஆம் அறைக்காரர் தலையில் விழுவதற்கு ஓர் எண் மாறினால் போதும். வாடகையிலேயே காலைச் சிற்றுண்டி சேர்ந்திருக்க, அதற்குத் தனியாக ஒரு தொகை போடப்பட்டிருக்கும். அறையிலுள்ள சிறு குளிர்ப் பெட்டியில் நாம் தொடாத பானம் நம் கணக்கில் இருக்கும். பிழை எப்படி வந்தால் என்ன? யாரும் பார்க்காவிட்டால் அது பணமாகிவிடுகிறது.

இங்கே ஒரு வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். அதிக விலை வேறு. தவறான கட்டணம் வேறு. 2019 ஜூலையில் நடிகர் ராகுல் போஸ் சண்டிகரில் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கியிருந்தபோது இரண்டு வாழைப்பழம் வரவழைத்தார். அதற்கு வந்த பில் 442 ரூபாய் 50 காசு! அவர் அதை உலகத்துக்குக் காட்டினார். பழத்தின் விலை 375 ரூபாய் என்பதைக் கண்டு ஊரே சிரித்தது. வரி இலாகா அதிகாரிகளோ விலைக்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தார்கள். புதுப் பழங்களுக்குச் சரக்கு, சேவை வரி கிடையாது. அப்படியிருக்க, 18 சதவிகிதம் என்று 67 ரூபாய் 50 காசு வசூலிக்கப்பட்டிருந்தது. ஹோட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அபராதம் பழத்தின் விலைக்காக அல்ல, கூடாத வரிக்காகத்தான்.

தண்ணீர்ப் புட்டி விஷயமும் இப்படியே. அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டலில் விற்பது குற்றமல்ல என்று 2017 டிசம்பர் 12-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஆகையால் விலையைப் பற்றிய சண்டையை வாங்குவதற்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். பில் வந்த பிறகு கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: இதை நாம் வாங்கினோமா? சொன்ன விலைதானா? சட்டம் அனுமதித்த வரிதானா?

வரிக் கேள்விக்கு விடை அவ்வளவு கடினமன்று. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு வரி 5 சதவிகிதம். அதற்கு மேற்பட்டால் 18 சதவிகிதம். 4,000 ரூபாய் அறையில் இரண்டு நாள் தங்கினால் வரி 400 ரூபாய். பழைய 12 சதவிகிதத்தையே போட்டிருந்தால் அது 960 ஆகும். 560 ரூபாய் வித்தியாசம்! வரி வாங்குகிறவர் தம்முடைய 15 இலக்கப் பதிவு எண்ணையும் பில்லில் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். பதிவு பெறாதவருக்கு வரி வசூலிக்கும் அதிகாரமே இல்லை.

அடுத்தது, 'சர்வீஸ் சார்ஜ்' என்னும் சேவைக் கட்டணம். வரிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அதுவும் ஒரு வரி போலவே காட்சியளிக்கும். அது சர்க்காருக்குப் போகும் பணமன்று. கேட்காமல் அதைப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று 2022 ஜூலை 4-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. ஹோட்டல் சங்கங்கள் டில்லி ஹைகோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச் 28-ல் அந்தக் கோர்ட்டு ஆணையத்தின் விதிகள் செல்லும் என்றது. பரிமாறிய பையனின் உபசாரம் மனத்துக்குப் பிடித்திருந்தால் அவன் கையிலேயே கொடுக்கலாமே! அதை யாரும் தடுக்கவில்லை.

இனி, கேட்கும் முறை. வண்டிக்கு அரை மணி இருக்கும்போது பில்லைக் கேட்கிறவர் எதையும் படிக்க முடியாது. முதல் நாள் இரவே வரவழைத்துக்கொள்ள வேண்டும். வாடகை பேசியபோது வந்த கடிதத்தையும் சாப்பாட்டுச் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்க்க வேண்டும். சந்தேகமானதை அடிக்கோடிட்டு, "இதற்கு நாங்கள் கையெழுத்திட்ட சீட்டைக் காட்டுங்கள்" என்று அமைதியாகக் கேட்டால் போதும். மேஜையைத் தட்ட வேண்டியதில்லை. அங்கே நிற்கும் குமாஸ்தா விலையை நிர்ணயித்தவர் அல்லர். பாதி இரவு கண்விழித்து நிற்கும் சம்பளக்காரர். அவரை நாலு பேர் முன்னால் திருடன் என்று சொல்லிவிட்டால், ரூபாய் திரும்பி வரலாம். அவருக்குப் போன மானம் திரும்பாது. தொகையைத் திருத்தும் அதிகாரம் மானேஜருக்குத்தான் உண்டு. அவரையே கேட்க வேண்டும்.

மானேஜரும் மறுத்தால்? ஒப்புக்கொண்ட தொகையைச் செலுத்தி, மற்றதை மறுப்பதாக எழுதிக் கொடுக்கலாம். ரயிலுக்கு நேரமாகிவிட்டால், முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, 'ஆட்சேபணையுடன் செலுத்தியது' என்று பில்லிலேயே எழுதிப் பிரதி வாங்கிக்கொள்ளலாம். ஊர் திரும்பிய பின் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, ஹோட்டல் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் ஜில்லாவிலேயே மனுச் செய்யலாம். இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

"ஐந்நூறு ரூபாய்க்கா இத்தனை பாடு?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஐந்நூறு பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாளை அதே அறைக்கு வருகிறவர், தகப்பனாரின் சிகிச்சைக்காகவோ மகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்காகவோ எண்ணி எடுத்த பணத்துடன் வந்தவராக இருக்கலாம். யாரும் கேட்காத பிழை, நாளடைவில் அந்த ஹோட்டலின் வழக்கமாகிவிடுகிறது. பிறகு கேட்கத் தெரியாதவர்தான் அதற்குப் பணம் கட்டுகிறார். வசதியுள்ளவர் ஒருவர் இன்று ஐந்து நிமிஷம் நின்று திருத்தச் செய்தால், முகம் தெரியாத அந்த மனிதருக்கு அது உதவி. இதைவிடப் பெரிய கௌரவம் வேறு எது இருக்கிறது?