பெட்டி பெரிது, பாதை சிறிது

வீட்டில் நான்கு போன்கள், இரண்டு லேப்டாப்கள். கல்யாண வீடியோ, பதினைந்து வருடப் புகைப்படங்கள், குழந்தை முதல் அடி எடுத்துவைத்த காட்சி எல்லாம் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடக்கின்றன. இதற்குத் தீர்வாகப் பல வீடுகளில் நுழைந்திருப்பது என்.ஏ.எஸ். என்ற பெட்டி. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள், பின்னால் ஒரு நெட்வொர்க் கேபிள். ரூட்டரில் செருகிவிட்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் பைல்களைப் போடலாம், எடுக்கலாம். ஆனால் முதல் நாளே ஏமாற்றம். 500 ஜிகாபைட்டை ஏற்றப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்கிறது திரை.

பழி பெட்டியின் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது நிரபராதி. புதிய ஹார்ட் டிஸ்க்குகள் பலவும் பெரிய பைலை வினாடிக்கு 150 மெகாபைட்டுக்கு மேல் எழுதக்கூடியவை. தகராறு வழியில்தான். நெட்வொர்க்கின் வேகம் பிட் கணக்கு, பைலின் அளவு பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான் உச்சம். கைக்குக் கிடைப்பது சுமார் 11. 1,000 மெகாபிட், அதாவது ஜிகாபிட் இணைப்பில் சுமார் 110. அதே 500 ஜிகாபைட் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏறிவிடும்.

விலை மலிவான ரூட்டர்கள் பலவற்றில் 100 மெகாபிட் போர்ட்டுகள்தான். அப்படியானால் ஒரு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி, கம்ப்யூட்டரையும் பெட்டியையும் அதில் இணைத்தால் போதும். ரூட்டரை மாற்ற வேண்டியதில்லை. எல்லாமே ஜிகாபிட்டாக இருந்தும் வேகம் வரவில்லையா? கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் தேவை. கதவிடுக்கில் நசுங்கி மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால், இணைப்பு முழுதாகப் போவதில்லை. பல நேரங்களில் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் என்ன என்று பார்த்தால் குட்டு வெளிப்படும். கேட்-5இ ரக கேபிள் 100 மீட்டர் வரை ஜிகாபிட்டைத் தாங்கும்.

வைஃபை வசதிதான், ஆனால் அந்த அலைவரிசையை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதல் பெரிய ஏற்றத்தையாவது கேபிளில் செய்வது புத்திசாலித்தனம். இன்னொன்று: 10 ஜிகாபைட் வீடியோ ஒன்று சரசரவென்று போகும். அதே அளவுக்கு ஆயிரக்கணக்கான சிறிய படங்கள் என்றால் ஊர்ந்துதான் போகும். ஒவ்வொரு பைலையும் திறந்து மூட நேரம் பிடிக்கிறது. இது கோளாறு அல்ல.

வேகத்தைச் சரிசெய்தவர்கள் பலர் அத்தோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான். இரண்டு டிஸ்க்குகளிலும் ஒரே தகவலை எழுதும் 'மிரர்' முறையில், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். ஆனால் யாராவது தவறுதலாக ஒரு போல்டரை அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். திருட்டுக்கும் தீ விபத்துக்கும் ஒரே பெட்டிதான். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாகிரை வைரஸ், பைல்களைப் பகிரப் பயன்படும் விண்டோஸின் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகவே பரவியது. பெட்டியில் அந்தப் பழைய முறை, எஸ்.எம்.பி.1, இயங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களில் ஒரு சிறிய யு.பி.எஸ். அவசியம், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பைல்கள் கெடலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். மாதம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி, உறவினர் வீட்டில் வைக்கலாம். அதிலிருந்து நான்கு படங்களைத் திறந்து பார்த்துவிடுவதும் நல்லது. கேபிள் சரியில்லை என்றால் ஓர் இரவு வீணாகும். நகல் இல்லை என்றால் பதினைந்து வருடங்கள் போய்விடும்.