எர்த்தைப் பார்த்தீர்களா?

மருமகனின் சான் ஸ்டார்ம் தாராசுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. 1998இல் வந்த நம் நாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பெங்களூர் சான் மோட்டார்ஸ், என்ஜின் ரெனோ, 1149 சிசி. ஐப்பசி மழை பிடித்தால் இண்டிகேட்டர் போடும்போது முன்விளக்கு மங்குகிறது. பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஒயரிங் எல்லாம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் காயலான் கடைதான் என்கிறார் மெக்கானிக். எனக்கு உடன்பாடில்லை.

தகர பாடி என்றால் அதன் வழியாகவே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவிடும். இதுவோ ஃபைபர் பாடி. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் உண்டு. அதன் முனையில் களிம்பு ஏறினால், மின்சாரம் பக்கத்து விளக்கு வழியாகச் சுற்றிப் போகும். காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் நான். அந்த மொழியில் எர்த்துக்குப் பெயர் 'மாஸ்'. (இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லும் மாஸ் வேறு!)

விளக்கைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை விளக்கின் எர்த்திலும் வைத்தோம். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 1.4 காட்டியது. குத்துவிளக்குக்குப் போடுகிற புளி இதற்கு ஆகாது, அரித்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, வாசலின் தடவச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகும் மங்கினால் ஆல்டர்னேட்டரைப் பற்றிப் பேசலாம்.