பழகிடுச்சு என்று சொல்லாதீர்கள்

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொசுப்புகை வண்டி கடந்து போனது. மாஸ்டர் பால் பாத்திரத்தை மூடிக்கொண்டே சொன்னார்: "கொசுவுக்கு மருந்து பழகிடுச்சு தம்பி. இன்னும் ஸ்ட்ராங்கா அடிக்கணும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் இந்தப் பேச்சில் இரண்டு பொய் இருக்கிறது. அந்த டீத்தூளின் கதையை வைத்தே சொல்கிறேன்.

வால்பாறை முதல் அசாம் வரை தேயிலையின் பெரிய எதிரி தேயிலைக் கொசு, ஹீலோபெல்டிஸ் தீவோரா. பெயர்தான் கொசு, உண்மையில் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. நமக்கு வேண்டிய அதே இளந்தளிர்தான் அதற்கும் வேண்டும். விஷம் தெளித்தால் பெரும்பாலானவை சாகும். விஷத்தை உடைக்கும் நொதிகள் உடம்பில் அதிகமுள்ள சில பிழைக்கும். அடுத்த தலைமுறை அவற்றின் வாரிசு. இதில் எந்தப் பூச்சியும் எதற்கும் 'பழக'வில்லை. தெளித்துத் தெளித்து நாம்தான் பொறுக்கி எடுத்து வளர்த்தோம். வங்காளத்தின் டூவார்ஸில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: ரசாயனம் தெளித்த தோட்டத்துப் பூச்சிகளில் இந்த நொதிகள் இயற்கைத் தோட்டத்துப் பூச்சிகளைவிட அதிகம்.

இன்னொரு பொய், 'மருந்து'. மருந்து என்றால் டோஸைக் கூட்டலாம் என்று தோன்றும். விஷம் என்று சொல்லிப் பாருங்கள், கை கொஞ்சம் தயங்கும். பறித்த இலையைக் கழுவாமல்தான் தூளாக்குகிறார்கள் என்பதும் நினைவுக்கு வரும்.

"வேறு வழி?" என்பார்கள். இருக்கிறது. முட்டை தண்டுக்குள் இருப்பதால் தெளிப்பு அதை எட்டாது. தாக்கப்பட்ட தளிரைக் கிள்ளி எடுக்கலாம். பூச்சி ஒதுங்கும் களையை அகற்றலாம். தாக்குதல் உள்ள பாத்தியில் மட்டும், வகை மாற்றித் தெளிக்கலாம். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், கூலி வேண்டும். பூச்சிக்கொல்லி டப்பா மலிவாகத் தெரிவது அதனால்தான்.

நானும் யோக்கியனில்லை. அடையாறில் ஆர்கானிக் கிரீன் டீ வாங்கி என் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டவன்தான். முதுகில் தெளிப்பான் சுமக்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்த முறை மாஸ்டரிடம் சொல்லப் போகிறேன்: "அது விஷம்ணே. பழகினது பூச்சி இல்லை, நாமதான்."