கை மாறும் தேள்

புனேயின் கோத்ரூட் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளம். தூசி படிந்த உறையை இழுத்ததும் வெள்ளை நிறத்தில் ஒரு ஃபியட் புன்ட்டோ. பக்கவாட்டில் சிவப்புப் பட்டை, சக்கரத்தின் நடுவே தேள் முத்திரை. வாங்க வந்தவருக்கு வயது 36, வங்கி ஊழியர். ஆசையை முகத்தில் காட்டிவிடாதீர்கள் என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உறை பாதி விலகும்போதே அந்த அறிவுரை காற்றில் போய்விட்டது. விற்பவர் அதைக் கவனித்தார். கேட்ட விலையிலிருந்து இனி பத்தாயிரம்கூட இறங்க மாட்டார்.

காரின் முழுப் பெயர் அபார்த் புன்ட்டோ. கார்லோ அபார்த் வியன்னாவில் பிறந்தவர், விருச்சிக ராசிக்காரர். 1949-ல் இத்தாலியில் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அவருடைய ராசியே சின்னமானது. சாதாரண ஃபியட் கார்களை முறுக்கேற்றி ஓடவிடுவதுதான் தொழில். 1971-ல் ஃபியட்டே அதை வாங்கிக்கொண்டது. அந்தத் தேள் 2015 அக்டோபரில் புனேக்கு அருகே ரஞ்சன்காவ் தொழிற்சாலையிலிருந்து இந்தியச் சாலைக்கு வந்தபோது விலை ரூ. 9.95 லட்சம். 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 145 குதிரைசக்தி, நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். நூறு கிலோமீட்டர் வேகத்தை 8.8 விநாடியில் தொடும் என்றது நிறுவனம். பத்து லட்சத்துக்குள் அப்படி ஒரு பாய்ச்சல் அன்று வேறெந்தக் காரிலும் கிடையாது. ஆனால், அந்தப் பணத்துக்கு டிக்கியும் பின்சீட்டும் தாராளமாக உள்ள செடான் கிடைக்கும்போது சிறிய காரை யார் வாங்குவார்கள்? வாங்கியவர்கள் சிலரே. வங்கி ஊழியருக்கு அன்று சம்பளம் போதவில்லை. இன்று பாதி விலைக்கும் குறைவாகக் கேட்கிறார்கள்.

இந்த வகைக் கார்கள் இந்தியாவில் அரிதாக இருப்பதற்கு மக்களின் சிக்கன புத்தி மட்டும் காரணமல்ல. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். சிறிய கார் எது என்பதற்கு அவர் வைத்த அளவுகோல் இரண்டு: நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி.யைத் தாண்டக் கூடாது. நாட்டின் கார்கள் பலவும் அந்த இரு கோடுகளுக்குள் உடம்பைக் குறுக்கிக்கொண்டன. அளவான உடம்புக்குள் பெரிய இன்ஜினை வைப்பதுதான் இந்த வகைக் காரின் சூத்திரமே. அதைச் செய்பவருக்கு வரியே தண்டனையானது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் கோடுகள் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22-ல் வரி திருத்தப்பட்டபோது இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40.

இருந்தும் சிலர் முயன்றார்கள். 2001-ல் ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் ரகம் வந்தது. சச்சின் டெண்டுல்கர் விளம்பரத்தில் நின்றார். ஓட்டியவர்கள் சொக்கிப்போனார்கள், பெட்ரோல் பில் வந்ததும் தெளிந்தார்கள். 2013-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. புத்திசாலித்தனமாக 1,197 சி.சி.யோடு கோட்டுக்குள் நின்று, டர்போவின் தயவில் 105 குதிரைசக்தி காட்டியது. அதே நிறுவனம் 2016-ல் போலோ ஜி.டி.ஐ.யை மூன்று கதவுகளோடு இறக்குமதி செய்து 25 லட்சத்துக்கு மேல் விலை சொன்னது. போலோவுக்கா இந்த விலை என்று ஊரே கேட்டது. 2025-ல் கோல்ஃப் ஜி.டி.ஐ. 53 லட்சத்துக்கு வந்தபோது அப்படி யாரும் கேட்கவில்லை. முதலில் வந்த 150 கார்களும் விற்றுப்போயின. காலம் மாறியிருக்கிறது, குறைந்தபட்சம் 150 பேருக்கு. மற்றவர்களுக்கு மிஞ்சுவது செகண்ட் ஹேண்ட் சந்தை.

சாதாரண ஆல்டோவையோ வேகன் ஆரையோ பழையதாக வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆல்டோவை அதன் முதல் சொந்தக்காரர் பால் வாங்கவும் பள்ளிக்குப் போகவும் ஓட்டியிருப்பார். இந்தக் காரை வாங்கியவர் எதற்காக வாங்கினாரோ அதைத்தான் செய்திருப்பார். “லேடி டிரிவன், சிங்கிள் ஓனர்” என்ற விளம்பர வாசகம் இங்கே எடுபடாது.

ஆகவே வங்கி ஊழியர் தன்னோடு பிம்ப்ரியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்திருந்தார். ஃபியட் கார்களிலேயே தலை நரைத்தவர். முதல் நிபந்தனையை அவர் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்: “நாங்கள் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது.” சூடேறிய இன்ஜின் பொய் சொல்லும், குளிர்ந்த இன்ஜின்தான் இருமும். பானெட்டில் கை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் போய் நின்றார். நீலப் புகை வந்தால் டர்போவின் சீல் வழியே எண்ணெய் கசிகிறது என்று பொருள். வரவில்லை. பிறகு டயர்கள். பக்கச்சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தார். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். தேயாத டயரும் வயதானால் கெட்டிப்பட்டு, ஈரச் சாலையில் வழுக்கும். நான்கும் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேறு படிந்த கறை இருக்கிறதா என்று பார்த்தார். சென்னை 2015, கேரளம் 2018 என்று ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மூழ்கிய கார்கள் குளித்து, நறுமணம் பூசிக்கொண்டு வேறு மாநிலங்களுக்குப் போய் மாப்பிள்ளை வேஷம் போடுவது வழக்கம். இது மூழ்கியதல்ல.

சர்வீஸ் பில்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “சாஹேப், 38,000 கிலோமீட்டரில் யாராவது புது கிளட்ச் போடுவார்களா?”

விற்பவர் நகர நெரிசலைக் காரணம் சொன்னார். மெக்கானிக் பதில் பேசாமல் வண்டியை வெளியே எடுத்துப்போய், நான்காவது கியரில் மெதுவாக உருளவிட்டு ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்தார். இன்ஜின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது என்று அர்த்தம். நழுவியது, லேசாக. இரண்டாவது கிளட்சும் பாதி ஆயுளைக் கடந்தாயிற்று.

கடைசியில் உண்மை வந்தது. முதல் இரண்டு வருடம் காரை “ரீமேப்” செய்து ஓட்டியிருக்கிறார். இன்ஜினை ஆளும் கணினியின் நிரலைத் திருத்தி டர்போவிலிருந்து கூடுதல் காற்றழுத்தம் வாங்கும் வேலை இது. மடிக்கணினியும் ஒரு கேபிளும் இருந்தால் போதும். விற்கும் முன் பழைய நிரலையே திருப்பிப் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. ஆனால் கிளட்சுக்கும் டர்போவுக்கும் ஞாபகம் இருக்கும். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழல்வது. அதற்கு உயிர் எண்ணெய் ஒன்றுதான்.

ரீமேப் செய்பவர்கள் அதைப் பொழுதுபோக்கு என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறுவிதமாகச் சொல்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, சொந்தக்காரருக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கும் என்பதுதான் உண்மையான ஆபத்து. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் தான் செய்யாத திருத்தத்துக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவார்?

போலோ ஜி.டி. வாங்குபவர்களுக்கும் தனிக் கவலை உண்டு. அதன் ஏழு வேக தானியங்கிக் கியர்பெட்டி வெப்பமும் நெரிசலும் சேர்ந்தால் சுணங்கக்கூடிய ரகம். 2013 நவம்பரில் நிறுவனமே இத்தகைய கியர்பெட்டி உள்ள சுமார் 16 லட்சம் கார்களுக்கு எண்ணெயை மாற்றித்தர உலக அளவில் அழைப்பு விடுத்தது. உத்தரவாதக் காலம் முடிந்த காரில் அந்தப் பெட்டி கோளாறானால் செலவு சுளையாக இருக்கும். மெக்கானிக் அபார்த்தை விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்: “இதில் கியரை நீங்களே போட வேண்டும். கெடுவதற்குக் குறைந்த சாமான்கள்.”

புதுக் கிளட்ச், நான்கு டயர், வயதைக் கருதி மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் எல்லாவற்றையும் விலையில் கழித்துக் கடைசியில் நாலரை லட்சத்துக்குப் பேரம் படிந்தது. இறங்க மாட்டேன் என்றிருந்தவர் ரீமேப் விஷயம் வெளிவந்த பிறகு இறங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

இத்தோடு விஷயம் முடியவில்லை. ஆர்.சி.யில் இன்னும் கடன் கொடுத்த வங்கியின் பெயர். கடன் அடைந்து வருடங்களாகியும் பாரம் 35 கொடுத்து அதை நீக்கவில்லை. வங்கி ஊழியருக்கே இது சிரிப்பை வரவழைத்தது. தினமும் வாடிக்கையாளர்களுக்கு அவர் சொல்லும் புத்திமதி அது. 29, 30 என்ற பாரங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டிப் போய்விடுவது நாடெங்கும் நடக்கும் வழக்கம். தரகர்கள் அதையே விரும்புவார்கள், அடுத்த கைக்கு விற்க வசதி. கெடுதல் விற்றவருக்குத்தான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் மாறவில்லை. விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றது நீதிமன்றம். எப்போதோ பணம் வாங்கி விற்று மறந்த காருக்காக ஒருவர் லட்சங்களில் நஷ்ட ஈடு கட்ட நேரலாம். விற்றவர் இதைக் கேட்டதும் தானே லீவு போட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தார்.

இன்ஷூரன்ஸிலும் ஒரு முடிச்சு. ஐந்து வயதைத் தாண்டிய காரின் மதிப்பு இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையும் என்று மதிப்பைக் குறைத்துப் போட்டால், பழுது செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காரை முழு நஷ்டமாகக் கணக்கெழுதிவிடுவார்கள். ஒரு நடுத்தர மோதலே போதும். ரிப்பேர் செய்யக்கூடிய கார் பழைய இரும்புக் கடைக்குப் போகும். வேறு கார் என்றால் பணத்தை வாங்கிக்கொண்டு இன்னொன்று வாங்கலாம். இதில் இன்னொன்று கிடைக்க வேண்டுமே! 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தபோது ஃபியட் பெயரில் இந்தியாவில் எந்தக் காரும் மிஞ்சவில்லை.

கார் வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. முன் பம்பர் வேகத்தடைகளில் உரசாமலிருக்க அவர் சாய்வாக ஏறி இறங்கப் பழகிவிட்டார். பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2016-ல் செய்த காரின் ரப்பர் குழாய்களை அதை நினைத்துச் செய்யவில்லை. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. அவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழாய்களைத் தடவிப் பார்க்கிறார். மும்பை விரைவுச்சாலையின் சமதளப் பகுதியில் வேக வரம்பு 100. காமிராக்கள் விழித்திருக்கின்றன. 145 குதிரைகளில் பெரும்பாலானவை அன்றாடம் கொட்டகையில்தான். ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தாம்ஹிணி மலைப்பாதையில் ஆள் நடமாட்டம் இல்லாத அரை மணி நேரம்தான் அவருடையது. மனைவி இரண்டு தடவை கூட வந்தார். மூன்றாவது தடவை தூக்கம் முக்கியம் என்றார்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை விற்றவரிடமிருந்து போன் வரும். ஆர்.சி. மாறிவிட்டது, கணக்கு தீர்ந்துவிட்டது, பேச ஒன்றும் கிடையாது. ஆனாலும் குடும்ப நலம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்பார்: “நிறுத்தியதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போ ஆறிய பிறகுதானே சாவியைத் திருப்புகிறீர்கள்?”