சாசேஜ் அறையில் முதல் மாதம்

பெங்களூருக்கும் மும்பைக்கும் பிழைப்புத் தேடி வருகிற நம்முடைய வாலிபர் அநேகர், தாங்கள் ஒருநாளும் உண்டறியாத பதார்த்தங்களைச் செய்கிற இடங்களில் வேலைக்கு அமர்கிறார்கள். சாசேஜ், அதாவது தொத்திறைச்சி, செய்கிற வேலை அப்படிப்பட்டது. இதற்கு வகுப்பும் இல்லை, புத்தகமும் கையில் கொடுக்கப்படுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவருடைய கைகளைப் பார்த்தே கற்கவேண்டும். நீங்களோ உங்கள் மகனோ அந்த வேலையில் சேர்ந்திருந்தால் இதைச் சற்றுப் பொறுமையாய் வாசியுங்கள்.

முதலாவது உங்களை வருத்துவது குளிர். ஏறக்குறைய உறையும் நிலையிலுள்ள இறைச்சியைக் கத்திகள் சுழலும் பெரிய கிண்ணத்தில் கொட்டி, தண்ணீருக்குப் பதிலாக ஐஸ் தூளை அள்ளிப்போடுவார்கள். ஏனென்று பெரும்பாலும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். உப்போடு அரைபடும்போது இறைச்சியிலுள்ள புரதம் கரைந்து பசைபோலாகி, கொழுப்பையும் நீரையும் பற்றிக்கொள்ளுகிறது. கத்தியின் உராய்வினால் கலவை சூடேறினால் கொழுப்பு இளகி அந்தப் பிடி தளர்ந்துபோகும். வேகவைக்கையில் கொழுப்பு தனியாகவும் சக்கை தனியாகவும் பிரியும். ஆகையால் கலவை சுமார் 12 டிகிரியைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுகிறார்கள். பழகினவர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பார்ப்பார். விழாமல் ஒட்டியிருந்தால் பதம் சரி. அவர் அப்படிச் செய்யும்போது வெறுமனே வேடிக்கை பார்க்காமல், ஏன் என்று கேளுங்கள்.

போர்த்துக்கீசியர் 1510 முதல் 1961 வரை ஆண்ட கோவாவிலோ முறையே வேறு. பன்றி இறைச்சித் துண்டுகளில் உப்பும் வத்தலும் காடியும் பிசறி, குடலில் அடைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். அங்கே காவல் செய்வது புளிப்பும் உப்பும் உலர்வும். தொழிற்கூடத்திலோ குளிரும் தராசும்.

தராசு என்று சொன்னேன். நம் தாய்மார் கையளவாய் உப்புப் போட்டுச் சமைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கைப்பக்குவம் இங்கே ஆபத்து. நிறம் மாறாமலும் கொடிய நச்சுக்கிருமி வளராமலும் இருக்க சோடியம் நைட்ரைட் என்கிற உப்பைச் சேர்ப்பதுண்டு. அது ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிஞ்சினால் அதுவே விஷம். 1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற வைத்தியர், கெட்டுப்போன தொத்திறைச்சியைத் தின்று மாண்டவர்களைக் குறித்து ஆராய்ந்து எழுதினார். அந்த நோய்க்கு இன்றும் வழங்கும் 'பொட்டுலிசம்' என்ற பெயரே தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். (உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2015-இல் சேர்த்தது. ஆகவே மலிவாய்க் கிடைக்கிறதென்று தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கவேண்டாம்.)

குடலில் நிரப்புகிற வேலை பத்து நாளில் கைவந்துவிடும். உப்பிலிட்ட ஆட்டுக்குடலை அலசி ஊறவைத்து, குழாயில் ஏற்றி, காற்றுப் புகாமல் நிரப்பவேண்டும். இறுக அடைத்தால் முறுக்கும்போது வெடிக்கும். ஒன்றை வலமாகவும் அடுத்ததை இடமாகவும் முறுக்கினால் அவிழாது.

ஆனால் அரைக்கும் இயந்திரத்தைக் குறித்து நான் அவசரமாய்ச் சொல்லிப்போக மாட்டேன். அதன் வாயில் இறைச்சி சிக்கினால், புதியவருடைய விரல் தானாகவே உள்ளே தள்ளப் போகும். உள்ளே சுழலும் திருகு இறைச்சியையும் விரலையும் வித்தியாசப்படுத்தாது. தள்ளுகட்டை ஒன்று இருக்கும். அது காணாமற்போயிருந்தால், கிடைக்கும்வரை வேலையைத் தொடங்காதீர்கள். கத்தி வேலைக்குக் கொடுக்கப்படும் இரும்பு வலைக் கையுறையை இங்கே அணியவேண்டாம். அது கையையே உள்ளே இழுத்துவிடும். கழுவும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, மின்கம்பியையே பிடுங்குங்கள்.

இதையெல்லாம் மேற்பார்வையாளர் ஒருவேளை முதல்நாளே சொல்லியிருப்பார், இந்தியிலோ கன்னடத்திலோ. நம்மவர் புரியாமலே தலையாட்டியிருப்பார். வேலை போய்விடும் என்ற பயமே அந்தத் தலையாட்டலுக்குக் காரணம். அதை நான் அறியாதவன் அல்ல. என்றாலும் சம்பளத்தைப் பற்றிப் பேசக் கற்பதற்கு முன்னே, 'பந்த் கரோ', 'நில்லிஸு' என்ற நிறுத்தச்சொல்லும் வார்த்தைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். புரியாததை மறுபடியும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. ஈ.எஸ்.ஐ. உள்ள நிறுவனமானால், சேர்ந்த வாரத்திலேயே உங்கள் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலையில் உண்டாகும் காயத்தினால் ஊனமானால் கிடைக்கும் பணத்துக்கு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அந்த எண்ணை ஊரிலிருக்கிற மனைவியும் தாயாரும் எழுதி வைத்திருக்கட்டும்.