மொட்டை மாடிக்கு எப்போது போகலாம்?



சென்ற இதழில் வடகம் பிழிவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறையும் நாம் மொட்டை மாடியில்தான் நிற்கப் போகிறோம். ஆனால் விஷயம் வடகம் இல்லை, குழந்தைகள். என் கையாலேயே நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களாவது அதைச் செய்யாமல் இருந்தால் எனக்குத் திருப்தி.

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில், எம்.டி.எச். ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. ஒரு பக்கம் பாடி, மறு பக்கம் அம்பத்தூர் எஸ்டேட். காலையில் ஏழரை மணிக்கு மேல் கம்பெனி பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் என்று ரோடு ஒரே புகை. என் சின்னவளுக்குப் பதினோரு வயது. ஆறு வயதிலிருந்தே இழுப்பு உண்டு. போன கோடை லீவில் நான் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தேன். "காலையில புகை, வெளியே போகாதே. மத்தியானம் ரோடு காலியா இருக்கும், அப்போ மாடியில போய் ஆடு" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவளும் இரண்டு மணிக்கு ஸ்கிப்பிங் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போனால் நாலரைக்குத்தான் இறங்குவாள்.

என் மாமியார் அப்போதே சொன்னார்: "உச்சி வெயில்ல புள்ளைய மாடிக்கு அனுப்பாதம்மா." "ஓரமா நிழல்லதான் அத்தை ஆடுறா, சுத்தமான காத்து கிடைக்கட்டும்" என்றேன். ஒரு வாரம் போனது. சாயந்திரம் ஆறு மணிக்கெல்லாம் இருமல் பிடித்துக்கொள்ளும். ராத்திரி நெஞ்சு இறுக்கிக்கொண்டு எழுந்து உட்காருவாள். இன்ஹேலர் எடுக்காத நாளே இல்லை என்று ஆகிவிட்டது.

டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நேரத்துல விளையாடுறா?" என்பதுதான். நான் பெருமையாக என் ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மா, காலையில இருக்கிற புகை உங்க கண்ணுக்குத் தெரியுது. மத்தியானம் இருக்கிறது தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம். இது ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முதல்ல நேரத்தை மாத்துங்க" என்றார். அவர் சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளின் பெயர் ஓஸோன்.

"ஓஸோன் நல்லதாச்சே?" என்று நானும் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே படித்தோம்! மேலே, சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓஸோன் நல்லதுதான். வெயிலில் இருக்கும் கெட்ட கதிர்களைத் தடுக்கிறது. அதைக் காப்பாற்றத்தான் 1987இல் உலக நாடுகள் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆனால் அதே ஓஸோன் நாம் மூச்சு விடும் காற்றில் இருந்தால் நெஞ்சை அரிக்கும். நெருப்பு அடுப்பில் இருந்தால் சாப்பாடு, புடவைத் தலைப்பில் பட்டால் ஆபத்து. அது மாதிரிதான் இதுவும்.

வெயிலில் காயும் வேறொரு வடகம்

இந்தத் தரைமட்ட ஓஸோன் எந்தக் குழாயிலிருந்தும் நேராக வருவதில்லை. வடகத்துக்குக் காலையில் கூழ் கிண்டி, துணியில் பிழிந்து வைத்துவிட்டு வருகிறோம். மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொள்கிறது இல்லையா? ஓஸோனும் அப்படியே. காலை நெரிசலில் வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்ஸைடு ஒரு சாமான். பெட்ரோல், பெயின்ட், தின்னர் இவற்றிலிருந்து கிளம்பும் ஆவி இன்னொரு சாமான். குப்பை எரித்தால் இரண்டுமே கிடைக்கும். இவை கலந்து நிற்கும்போது சுள்ளென்று வெயில் அடித்தால் மத்தியானத்துக்குள் ஓஸோன் தயார். அதனால்தான் மேகமில்லாத நாளில் சுமார் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை அது உச்சத்தில் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் குறையும். அடைமழை நாளில் அதற்கு வேலையே இல்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். வண்டியிலிருந்து அப்போதுதான் வெளிவரும் புகை, பக்கத்தில் இருக்கும் ஓஸோனைத் தின்றுவிடும். ஆகவே நெரிசலான ரோட்டு முனையை விட, கொஞ்சம் தள்ளி இருக்கும் புறநகரிலும் கிராமத்திலும் சில சமயம் ஓஸோன் அதிகமாக இருக்கும். நமக்கு மத்தியானம் கடல் காற்று கிழக்கேயிருந்து, பட்டணம் முழுவதையும் தாண்டித்தான் அம்பத்தூர், ஆவடிப் பக்கம் வருகிறது. அது வழியில் என்னென்னவற்றைச் சேர்த்துக்கொண்டு வரும் என்பதை யோசித்துப் பாருங்கள்! ரோடு காலியாக இருக்கிறது என்பதற்காகக் காற்று சுத்தம் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு!

அந்தக் காலத்திலும் இருந்ததா?

"நாங்க எல்லாம் வெயில்லதான் ஆடினோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல அந்தக் காலத்தில் அளந்து வைத்த கணக்கு வேண்டும். நல்ல வேளையாக நம் நாட்டிலேயே அப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அகமதாபாத்தில் 1954-55இல் தரைமட்ட ஓஸோனை அளந்து குறித்து வைத்தார்கள். அதே ஊரில் 1991 முதல் 1993 வரை மறுபடி அளந்தபோது, நூறு கோடிப் பங்கு காற்றில் சராசரியாகச் சுமார் 15 பங்கு இருந்தது சுமார் 25 ஆகியிருந்தது. நாற்பது வருஷத்துக்குள் ஒன்றரை மடங்குக்கும் மேல்! இது ராத்திரி பகல் எல்லாம் சேர்ந்த சராசரி. மத்தியான உச்சம் இதைவிட அதிகம். அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2020இல் வெளிவந்த உலகக் காற்று நிலை அறிக்கை, அதற்கு முந்திய பத்து வருஷத்தில் இந்தியாவில் ஓஸோன் 17 சதவீதம் ஏறியிருப்பதாகச் சொன்னது. ஜனத்தொகை மிகுந்த இருபது நாடுகளில் நம்முடையதுதான் அதிக ஏற்றமாம். ஆகவே அக்கா ஆடிய வெயில் வேறு, என் பெண் ஆடும் வெயில் வேறு. வெயில் மாறவில்லை, அதில் வேகும் சாமான் கூடிவிட்டது.

இந்த அளவையில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒரு பெண்மணியும் உண்டு. அன்னா மாணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். 1960களில், பலூனில் கட்டி மேலே அனுப்பி ஓஸோனை அளக்கும் கருவியை நம் நாட்டிலேயே செய்வதற்கு முன்நின்றார். துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். அளவு தப்பாக இருப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்ற கொள்கை கொண்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சமையலறையில் நாமும் அதே கட்சிதானே!

இறக்க முடியுமா?

முடியும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1943 கோடையில் திடீரென்று கண் எரிந்து, தொண்டை கமறி, எதிரி விஷவாயு போட்டுவிட்டானோ என்று ஜனங்கள் பயந்தார்களாம். காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி. அதற்கு முன் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அன்னாசிப்பழத்தின் வாசனை எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்! மோட்டார் புகையும் பெட்ரோல் ஆவியும் வெயிலில் சேர்ந்து ஓஸோன் ஆவதை அவர் காட்டினார். அங்கே 1955இல் நூறு கோடிப் பங்குக்கு 680 வரை போனது. பிறகு கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் சாதனம், பெட்ரோல் பங்கில் ஆவி வெளியேறாமல் தடுக்கும் ஏற்பாடு என்று ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டார்கள். இன்று உச்ச அளவு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இன்னும் முழுக்கச் சரியாகவில்லைதான், ஆனால் வண்டிகள் பெருகியும் ஓஸோன் இறங்கியது.

நம் நாட்டிலும் 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்குக் கடுமையான பி.எஸ்.-6 விதி வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதே வருஷம் ஊரடங்கில் ஒரு பாடம் படித்தோம். வண்டிகள் நின்று, புகையும் தூசியும் நன்றாகக் குறைந்தும், பல நகரங்களில் ஓஸோன் குறையவில்லை. சில இடங்களில் கொஞ்சம் ஏறியே இருந்தது. ஓஸோனைத் தின்னும் புதுப் புகை இல்லை, இன்னொரு சாமானான ஆவி மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் பலன்.

நாம் செய்யக்கூடியவை

* குழந்தைகளின் ஓட்டம், ஆட்டம், ஸ்கிப்பிங் எல்லாம் காலையில் சீக்கிரம், அல்லது சாயந்திரம் ஐந்தரைக்கு மேல். காலையில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய தெருவாகப் பாருங்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், இழுப்பு உள்ளவர்கள், வெயிலில் வேலை செய்பவர்களுக்கும் இந்த ஜாக்கிரதை வேண்டும்.

* மத்தியானம் ஜன்னலைச் சாத்தி வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். உஷ்ணத்துக்காகச் செய்தார்கள், ஓஸோனுக்கும் அது பொருந்தும். வீட்டுக்குள் இதன் அளவு வெளியே இருப்பதைவிட நன்றாகவே குறைவு. சமைக்கும்போது மட்டும் புகை போக வழி விடுங்கள்.

* துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஓஸோனைத் தடுக்காது. அது வாயு.

* 'ஓஸோன் தரும், மலைக்காற்று மாதிரி இருக்கும்' என்று விற்கும் மெஷின்களை வாங்காதீர்கள். நாங்கள் வாங்கி ஏமாந்தோம். நாலு நாள் போட்டதில் அறை முழுக்க ஜெராக்ஸ் கடை வாசனை, குழந்தைக்கு இருமல். அந்த வாசனையே ஓஸோன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

* காய்ந்த இலை, குப்பையைக் கொளுத்தாதீர்கள். பெயின்ட், தின்னர் டப்பாவை இறுக்கி மூடி வையுங்கள். கேட் வாசலில் நின்றுகொண்டு வண்டி உறும வேண்டாம்.

* ஈரக் குப்பையைத் தொட்டியில் மக்க வையுங்கள். குப்பை மேட்டில் அது அழுகினால் மீத்தேன் வரும். உலகம் முழுவதும் ஓஸோன் மெல்ல ஏறுவதற்கு மீத்தேனும் ஒரு காரணம்.

* மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் பிள்ளைகளிடம் சொல்லிப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். நமக்குக் கிட்டத்தில் அரும்பாக்கம், கொடுங்கையூர், மணலி நிலையங்கள் உண்டு. மொத்த எண்ணை மட்டும் பார்க்காமல் ஓஸோன் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள். நம் நாட்டு விதி, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம். 2009இல் வைத்தது.

ஒன்று முக்கியம். நேரத்தை மாற்றினோம் என்று டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நேரம் மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது காலை ஆறு மணிக்கு நானும் அவளும் உள் தெருக்களில் நடக்கிறோம். ரோட்டில் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். மத்தியானம் அவள் பாட்டியோடு பல்லாங்குழி. காலண்டரில் இன்ஹேலர் எடுத்த நாளுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வைத்து வருகிறேன். மே மாதம் முழுக்கச் சிவப்பாக இருந்தது, ஜூலையில் மூன்றே புள்ளி. மழை வந்தது, மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தோம், அதனால் எல்லாப் பெருமையையும் நேர மாற்றத்துக்கே கொடுத்துவிட மாட்டேன். ஆனால் என் மாமியார் சொன்ன சொல்லுக்கு ஒரு பங்கு உண்டு.

அவரிடமே போய், "நீங்க சொன்னது சரிதான் அத்தை" என்று சொன்னேன். "அதுக்கு டாக்டர் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு, சோழியை எடுத்து அடுத்த குழியில் போட்டார்.

உங்கள் வீட்டுக் குழந்தைகள் எந்த நேரத்தில் வெளியே ஆடுகிறார்கள்? ஒரு வாரம் கவனித்துக் காலண்டரில் குறித்து வையுங்கள். எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.